பொழுது சாய்ந்தால் மூடிவிடும் வானொலி

அமெரிக்கச் சிற்றூர் வானொலி ஒன்றின் கதையை எழுத யாராவது கிளம்பினால், முதலில் பஞ்சாங்கத்தைப் புரட்டச் சொல்வேன். அந்த ஊரில் சூரியன் எத்தனை மணிக்கு அடைகிறது என்று தெரியாவிட்டால் கதையில் பாதி புரியாது.

நான் வட கரோலினா மாநிலத்தின் வின்ஸ்டன்-சேலத்தில் குடியிருக்கிறேன். பிழைப்பு கம்ப்யூட்டரில். வாரக்கடைசியில், பழைய ஆட்களின் பேச்சைப் பதிவுசெய்து நூலகத்தில் சேர்த்துவைக்கும் ஒரு சின்னக் குழுவோடு சுற்றுவேன். அப்படித்தான் வடக்கே முக்கால் மணிநேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் மவுண்ட் ஏரி என்ற ஊரும், அங்கிருந்து ஒலிபரப்பாகும் 740 ஏ.எம். நிலையமும் என்னைப் பிடித்துக்கொண்டன. நிலையத்தின் பெயர் டபிள்யூ.பி.ஏ.க்யூ. ஊரில் சுமார் பத்தாயிரம் பேர். ஊரை ஒட்டி ஒரு பெரிய கிரானைட் குவாரி, ஒருகாலத்தில் ஓடிய சாக்ஸ் ஆலைகள், சுற்றிலும் புகையிலை வயல்கள். பழைய டிவி தொடர் ஒன்றில் சிற்றூர்ப் போலீஸ் அதிகாரியாக நடித்த ஆண்டி கிரிஃபித் பிறந்த ஊர் என்பதால் டிவி ரசிகர்கள் கூட்டம் கூட்டமாக வந்து பழைய மாடல் போலீஸ் காரில் ஏறி ஊரைச் சுற்றிப் பார்க்கிறார்கள். சயாமிய இரட்டையர் சாங்கும் எங்கும் கல்யாணம் கட்டி, பிள்ளைகுட்டி பெற்று, 1874இல் கண்ணை மூடியதும் இந்த ஊர்ப் பக்கம்தான். அது தனிக் கதை.

டபிள்யூ.பி.ஏ.க்யூ. முதன்முதலாகக் காற்றில் ஏறியது 1948 பிப்ரவரி 2. தொடங்கியவர் ரால்ஃப் எப்பர்சன். பக்கத்து வர்ஜீனியாவின் அராரட் பகுதிக்காரர், ரேடியோத் தொழில்நுட்பம் படித்தவர். காலம் அவருக்குத் தோதாக இருந்தது. போர்க்காலத்தில் புதிய நிலையங்களுக்கு இருந்த தடை நீங்கியதும் ஊருக்கு ஊர் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. போர் முடிந்தபோது அமெரிக்காவில் தொள்ளாயிரத்துச் சொச்சமாக இருந்த ஏ.எம். நிலையங்கள் ஐந்தாண்டுக்குள் இரண்டாயிரத்தைத் தாண்டின. அதுவரை ஊர்க்காரர்கள் கேட்டதெல்லாம் தூரத்துப் பெருநகர நிலையங்களைத்தான். சார்லட் நகரத்து டபிள்யூ.பி.டி., நாஷ்வில் நகரத்து டபிள்யூ.எஸ்.எம். என்று. இப்போது தங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லும் ரேடியோ வந்துவிட்டது.

ஆனால் பகலில் மட்டும். இங்கேதான் பஞ்சாங்கம் வருகிறது. ஏ.எம். அலைகள் பகலில் தரையை ஒட்டிப் போகும். பொழுது சாய்ந்ததும் வானத்து அயனி மண்டலத்தின் கீழடுக்கு கலைந்துவிட, அலைகள் மேலே போய் முட்டித் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தாண்டி இறங்கும். அந்த நாளில் 740 கிலோஹெர்ட்ஸ் என்பது கனடாவுக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசை. டொரன்டோவின் சி.பி.எல். அதில் 50,000 வாட் சக்தியோடு உட்கார்ந்திருந்தது. மவுண்ட் ஏரி ரேடியோ இரவிலும் பாடினால் கனடாக்காரர்கள் காதில் இரைச்சலாக விழும். அதனால் சூரியன் அடையும்போது கடையைக் கட்டிவிட வேண்டும். ஒவ்வொரு மாதத்துக்கும் தொடங்கும் நேரமும் முடிக்கும் நேரமும் கால்மணிக் கணக்கில் லைசென்ஸிலேயே அச்சிட்டு வந்துவிடும். ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட நிலையங்களுக்கு 'டே டைமர்' என்று பெயர்.

சும்மா ஒரு தொழில்நுட்பச் சங்கதி என்று இதைத் தள்ளிவிட முடியாது. இந்த ஊர்களின் கன்ட்ரி மியூசிக், அதாவது அமெரிக்கக் கிராமத்து இசை, எந்த நேரத்தில், யாருக்காக வாசிக்கப்பட்டது என்பதை முடிவு செய்ததே இதுதான். டிசம்பரில் மாலை ஐந்தைத் தாண்டியதும் ரேடியோ அடங்கிவிடும். ஆலையில் பகல் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வருகிறவனுக்கு வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். ஆகவே, விவசாயி எழுந்திருக்கும் விடியற்காலையும், எல்லாரும் சாப்பிட உட்காரும் நடுப்பகலும், சனிக்கிழமையும்தான் பொன்னான நேரம். பெருநகர நிலையங்களின் புகழ்பெற்ற கன்ட்ரி நிகழ்ச்சிகள் எல்லாம் சனிக்கிழமை இரவில் நடந்தவை. சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ்.ஸில் 1924இல் தொடங்கியதும் சரி, நாஷ்வில்லில் 1925இல் தொடங்கி இன்றுவரை ஓடும் 'கிராண்ட் ஓலே ஆப்ரி'யும் சரி. மவுண்ட் ஏரி ரேடியோவின் நேரடி இசை நிகழ்ச்சியான 'மெரி-கோ-ரவுண்ட்' மட்டும் சனிக்கிழமை பகலில் நடப்பது ஏன் என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். நிலையத்தின் லைசென்ஸ் அட்டையைப் பார்த்ததும் என் சந்தேகம் தீர்ந்தது.

அந்த அட்டைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் ஒலிபரப்பை ஆளும் அரசு அமைப்பான எஃப்.சி.சி.யும், 1934க்கு முன் அதன் முன்னோடி அமைப்பும், ஒவ்வொரு ஏ.எம். நிலையத்துக்கும் 1920களின் கடைசியிலிருந்து 1980 வரை அட்டைகளில் குறிப்பு வைத்திருந்தன. எப்போது விண்ணப்பம், எத்தனை வாட், எப்போது சக்தி கூடியது, யார் கைக்கு மாறியது எல்லாம் அதில் டைப் அடித்திருக்கும். ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள், காசு கேட்பதில்லை. படிக்கக் கண் வலிக்கும், சுருக்கெழுத்துகள் பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆனால் நிலையத்தின் பொன்விழா மலரில் வரும் கதையைவிட இதை நம்பலாம். விழா மலரில் முதல் நாளே பெரிய கோபுரம் நின்றிருக்கும், அட்டையில் பார்த்தால் அந்தக் கோபுரத்துக்கான அனுமதியே பிறகுதான் வந்திருக்கும். அடுத்தது 'பிராட்காஸ்டிங் இயர்புக்'. 1935இலிருந்து வந்த ஆண்டு மலர்கள் 'வேர்ல்ட் ரேடியோ ஹிஸ்டரி' தளத்தில் கிடைக்கும். நிலையத்தின் மேலாளர் யார், தலைமைப் பொறியாளர் யார் என்று வருடம் வருடமாகப் பார்த்துக்கொண்டே போகலாம். சின்ன ஊர் நிலையங்களில் முதலாளி, மேலாளர், பொறியாளர் என்ற மூன்று இடத்திலும் ஒரே பெயர் இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிலையம் கஷ்டகாலத்தைத் தாண்டியதா இல்லையா என்பதற்கு அது ஒரு துப்பு. டிரான்ஸ்மிட்டர் புகைந்தால் வெளியூர் ஆளுக்குக் கூலி கொடுத்து அழைக்க வேண்டியதில்லை அல்லவா?

மூன்றாவது, உள்ளூர்ச் செய்தித்தாளின் ரேடியோ நிகழ்ச்சிப் பட்டியல். வட கரோலினாவின் பழைய பத்திரிகைகள் ஏராளமாக 'டிஜிட்டல்என்சி' தளத்தில் இருக்கின்றன. பட்டியலைப் படிக்கும்போதே அதே பக்கத்து விளம்பரங்களையும் படியுங்கள். இன்னின்ன பள்ளிக்கூட ஹாலில் சனிக்கிழமை இரவு இன்னார் குழுவின் கச்சேரி என்று பொடி எழுத்தில் வரும். அந்தக் குழு ரேடியோவில் எதற்காகக் காசு வாங்காமல் வாசித்தது என்பதற்குப் பதில் அங்கே கிடைக்கும். 1930, 40களில் இந்த மலைப்பகுதியில் ரேடியோவில் வாசித்த பல குழுக்களுக்குச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இரண்டு பாட்டுக்கு நடுவே அடுத்த கச்சேரி எங்கே என்று சொல்லிக்கொள்ளலாம், பாட்டுப் புத்தகம் விற்கலாம். வசூல் எல்லாம் வெளியே. வர்ஜீனியா-டென்னசி எல்லையில் இருக்கும் பிரிஸ்டலில் டபிள்யூ.சி.ஒய்.பி. நிலையம் 1946இல் தொடங்கிய மதிய நிகழ்ச்சியில் ஸ்டான்லி சகோதரர்களும், லெஸ்டர் ஃப்ளாட்டும் ஏர்ல் ஸ்க்ரக்ஸும் பேர் எடுத்தது இப்படித்தான். ஒரு ஊரைச் சுற்றிக் காரில் போய்வரக்கூடிய தூரம் முழுக்கக் கச்சேரி வாசித்துத் தீர்ந்துவிட்டால், மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர் நிலையத்துக்குப் போய்விடுவார்கள்.

நேர்காணலுக்கு வருகிறேன். புதிதாகச் செய்பவர்கள் "எந்த வருஷம்?" என்று கேட்டே ஆளைக் களைக்க வைத்துவிடுவார்கள். எழுபது வருடத்துக்கு முந்தைய வருஷம் யாருக்கு நினைவிருக்கும்? "ரேடியோ வீட்டில் எந்த இடத்தில் இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். மவுண்ட் ஏரியில் ஒரு பாட்டி, என்னை 'ஹனி' என்றே கூப்பிடுவார், அந்தக் கேள்விக்கு அரைமணிநேரம் பேசினார். ரேடியோ ஜன்னலோரம். ஜன்னல் ஏன்? ஏரியல் கம்பி வெளியே போக. ஜன்னலுக்கு வெளியே புகையிலை உலர்த்தும் கொட்டகை. பறித்த இலைகளைக் கொத்துக் கொத்தாகக் குச்சியில் கட்டுகிறவர்களுக்குக் கேட்கட்டும் என்று அவருடைய அம்மா ரேடியோவை வெளிப்பக்கம் திருப்பிவைத்துவிடுவாராம். பின்னாளில் பாட்டி சாக்ஸ் ஆலையில் விரல்முனை மூட்டும் 'லூப்பர்' ஆனார். ஊசிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு கண்ணியையும் ஒவ்வொரு ஊசியில் மாட்ட வேண்டும், கண்ணை எடுக்க முடியாது. ஆலை இரைச்சலில் ரேடியோவாவது, ஒன்றாவது. சாப்பாட்டு இடைவேளையில் வாசலில் நிற்கும் யாருடைய காரிலாவது கேட்டால்தான் உண்டு. கேட்டது பாட்டா என்றேன். "இல்லை ஹனி, யார் செத்தார்கள் என்று" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போடவில்லை. ராமநாதபுரம் பக்கம் வளர்ந்தவன் நான், இலங்கை வானொலியின் மரண அறிவித்தலை ஊரே வேலையை நிறுத்திக் கேட்டதைப் பார்த்தவன். அமெரிக்கச் சிற்றூர் நிலையங்களில் மரணச் செய்தி, ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் பட்டியல், காணாமல்போன நாய், விற்க ஒரு டிராக்டர், தேவாலயத்து மதிய விருந்து எல்லாம் பாட்டுக்குச் சமமான சரக்கு. விளம்பரதாரர் பெரும்பாலும் எங்கே காசு போட விரும்புவார் என்று நினைக்கிறீர்கள்? மரண அறிவிப்புக்கு முன்னும் பின்னும். சவ அடக்க நிறுவனமும், பூக்கடையும், மாவு மில்லும். கன்ட்ரி ரேடியோவின் வரலாறு என்று வரும் புத்தகங்களில் பெரும்பாலானவை பாடகர்களின் வரலாறாகவே முடிந்துபோவதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நிலையத்தை உயிரோடு வைத்திருந்தது இந்த அறிவிப்புகள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பட்ட அனுபவம் அப்படி. அப்பா ஒரு குழுவில் ஃபிடில் (வயலின்தான்) வாசித்த குடும்பம் ஒன்று, அவர் வைத்திருந்த ரேடியோப் பதிவுத் தட்டுகளை டிஜிட்டலாக மாற்ற வெளியூர் ஸ்டூடியோ ஒன்றில் கொடுத்திருந்தது. எங்கள் குழுவிடம் கோப்புகள் வந்தபோது கேட்டால் பாட்டு, பாட்டு, பாட்டு. நடுவில் ஒன்றுமில்லை. "பேச்சையும் வெற்று ஒலியையும் நீக்கிச் சுத்தம் செய்திருக்கிறோம்" என்று பில்லிலேயே பெருமையாக எழுதியிருந்தது. அறிவிப்பாளர் சொன்ன தேதி போயிற்று, கச்சேரி நடந்த ஊர்ப் பெயர் போயிற்று, மாவு விளம்பரம் போயிற்று. அந்தப் பாட்டுகளை அந்த வட்டாரத்தில் பலரும் பல தடவை பதிந்திருக்கிறார்கள். அந்த மாவு விளம்பரத்தை வேறு எங்கே போய்த் தேடுவது? தட்டுகளை மறுபடி ஓட்டலாம் என்றால், அதற்குள் சிலவற்றில் பூச்சு உரிந்துவிட்டது.

ஆகவே உங்கள் கைக்குப் பழைய ரேடியோத் தட்டு வந்தால் இதைக் கவனியுங்கள். அந்தக் காலத்து நிலையத் தட்டுகள் பல பதினாறு அங்குலம், வீட்டுக் கிராமபோனில் உட்காராது. பக்கத்துக்குச் சுமார் பதினைந்து நிமிடம் ஓடும். அலுமினியத் தகட்டின் மேல் அரக்குப் பூச்சு. போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காமல் கண்ணாடியில்கூடச் செய்தார்கள், கைதவறினால் கதை முடிந்தது. மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சணம் என்று நினைத்துத் தேய்க்காதீர்கள். பூச்சிலிருக்கும் ஆமணக்கெண்ணெய் சிதைந்து வெளியே வரும் கொழுப்பு அமிலம் அது, துடைப்பதற்குத் தனி முறை இருக்கிறது. சில தட்டுகள் உள்ளே தொடங்கி வெளியே ஓடும். இன்றைய மெல்லிய ஊசி அந்தப் பள்ளத்துக்குப் பொருந்தாது. படுக்கவைத்து அடுக்காமல் நிற்கவைத்து அடுக்குங்கள். டேப் சுருளாக இருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். ஒளி ஊடுருவினால் அசிட்டேட், 1950களின் சரக்கு. புளித்த காடி வாசனை வந்தால் உடனே பிரதி எடுக்க வேண்டும் என்று அர்த்தம். 1970, 80களின் பாலியெஸ்டர் டேப்பில் சில வகைகள் பிசுபிசுவென்று ஒட்டும். அவற்றை ஏறக்குறைய 54 டிகிரி செல்சியஸில் பல மணிநேரம் சூடாக்கி ஒட்டலைப் போக்குவார்கள். அசிட்டேட் டேப்பை அப்படிச் சூடாக்கினால் பாழ். ஸ்டூடியோவிடம் கொடுக்கும்போது ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: முதல் கீறலிலிருந்து கடைசிக் கீறல் வரை எதையும் வெட்டக் கூடாது. சுத்தம் செய்த பிரதி வேண்டுமானால் அது இரண்டாவது பிரதி.

உரிமை விஷயமும் உண்டு. பழசுதானே என்று இணையத்தில் ஏற்றிவிட முடியாது. 2018இல் வந்த சட்டத்தின்படி, 1972 பிப்ரவரி 15க்கு முன் பதிவாகி, விற்பனைக்கு வராமலே கிடந்த ஒலிப்பதிவுகளுக்கு அமெரிக்காவில் 2067 பிப்ரவரி 15 வரை பாதுகாப்பு இருக்கிறது. ரேடியோ நிலையத்தின் பழைய தட்டுகள் பெரும்பாலும் இந்த வகையில்தான் வரும். நூலகத்தில் உட்கார்ந்து கேட்க அனுமதிப்பது ஒன்று, யூடியூபில் போடுவது வேறு. குடும்பத்தாரிடம் முதல் நாளே எழுத்தில் வாங்கிவிட்டால் பின்னால் சங்கடம் இல்லை.

சரி, டபிள்யூ.பி.ஏ.க்யூ. மட்டும் எப்படி நின்றது? அதே காலத்தில் தொடங்கிய சிற்றூர் நிலையங்கள் பல முதலில் நேரடி இசைக்காரர்களை நிறுத்தின. இசைத்தட்டு கம்பெனிகள் இலவசமாகத் தட்டு அனுப்பும்போது ஐந்து பேரை ஸ்டூடியோவில் உட்காரவைத்து மைக் சரிசெய்வது யாருக்கு வேண்டும்? 1953இல் டெக்சாஸின் லப்பக்கில் கே.டி.ஏ.வி. முழுநேரமும் கன்ட்ரி தட்டுகளையே ஓட்டும் நிலையமாக வந்தது. அந்த வகையில் அதுவே முன்னோடி. 1961இல் அப்படிப்பட்ட முழுநேர நிலையங்கள் நாட்டில் 81தான். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அறுநூறைத் தாண்டிவிட்டன. நன்மையும் இருந்தது. 1960இல் பாடகி லொரெட்டா லின்னும் கணவரும் முதல் இசைத்தட்டைக் காரில் போட்டுக்கொண்டு நிலையம் நிலையமாக ஏறி இறங்கி, அறிவிப்பாளர்களிடம் கையில் கொடுத்து ஒலிக்கவைத்தார்கள். கதவைத் தட்டினால் திறக்க ஒரு ஆள் உள்ளே இருந்தார். 1996இன் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு கம்பெனி நாடு முழுக்க எத்தனை நிலையம் வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பை எடுத்துவிட்டது. 2017இல் ஊருக்குள் ஸ்டூடியோ இருந்தாக வேண்டும் என்ற விதியும் போயிற்று. இன்று பல ஊர்களில் கோபுரம் மட்டும் நிற்கிறது, தட்ட ஒரு கதவு கிடையாது.

எப்பர்சன் வேறு வழியில் போனார். நாஷ்வில் பாட்டு எந்தப் பக்கம் போனாலும், இவர் தன் மலையின் பழைய ஃபிடில்-பாஞ்சோ இசை, புளூகிராஸ் என்ற தந்திவாத்தியக் குழு இசை, தேவாலயப் பாட்டு இவற்றை விடவில்லை. சக்தியை 10,000 வாட்டுக்கு உயர்த்தினார். அது பகலுக்கு. 2006இல் அவர் இறந்த பிறகு மகன் நிலையத்தைப் பார்த்துக்கொண்டார். பிடிவாதம்தான் காப்பாற்றியது என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அது பாதிதான் உண்மை என்று படுகிறது. இந்த இசையை வாசிக்கிறவர்கள் அந்த ஊரைச் சுற்றியே இருந்தார்கள், ஆலையிலும் ரோட்டிலும் வேலை பார்த்துக்கொண்டு. டாமி ஜாரல் என்ற ஃபிடில் மேதை, பக்கத்திலிருக்கும் டோஸ்ட் என்ற ஊர்க்காரர், 1966 வரை நெடுஞ்சாலைத் துறையில் ரோடு சமன்படுத்தும் இயந்திரம் ஓட்டியவர். 1982இல் அமெரிக்க அரசு நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு முதன்முதலாகத் தேசிய விருது கொடுத்தபோது அந்த வரிசையில் அவரும் இருந்தார். இப்படிப்பட்ட ஆட்கள் இருக்கும் ஊரில் நேரடி இசைக்குச் செலவு என்ன பெரிதாக ஆகிவிடும்? இதே யோசனையைத் தட்டையான சோள நாட்டு ஊர் ஒன்றில் செய்துபார்த்தால் பலிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒன்று மட்டும் உறுத்தும். பாஞ்சோ ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்த வாத்தியம். இந்தப் பகுதியின் கறுப்பின இசைக்காரர்களிடம் வெள்ளையர்கள் கற்றதும் ஏராளம். ஆனால் 1920களிலேயே இசைத்தட்டு வியாபாரிகள் கறுப்பர் இசை, வெள்ளையர் இசை என்று பட்டியலை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள், ரேடியோவும் பெரும்பாலும் அந்தக் கோட்டிலேயே நடந்தது. நாஷ்வில்லில் 'கிராண்ட் ஓலே ஆப்ரி'யில் வாசித்துவந்த கறுப்பின ஹார்மோனிகா மேதை டெஃபோர்ட் பெய்லியே 1941இல் அந்த நிகழ்ச்சியிலிருந்து வெளியே அனுப்பப்பட்டார். ஆகவே எந்தச் சிற்றூர் நிலையத்தின் வரலாற்றை எழுதினாலும், ஞாயிறு காலை தேவாலய நேரத்தைத் தனியாகத் தேடுங்கள். கறுப்பினப் பாடகர் குழுக்கள் காசு கட்டி நேரம் வாங்கியோ, அழைப்பின்பேரிலோ பாடிய தடயம் கிடைத்தால் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

'மெரி-கோ-ரவுண்ட்' இப்போது மெயின் ஸ்ட்ரீட்டில் 1938இல் கட்டிய ஏர்ல் தியேட்டரிலிருந்து சனிக்கிழமை பதினோரு மணிக்கு நேரடியாக ஒலிபரப்பாகிறது. சீக்கிரமே போய்விடுங்கள். நிகழ்ச்சிக்கு முன்னால் யார் வேண்டுமானாலும் வாத்தியத்தோடு வந்து வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். நேர்காணலுக்கு ஆள் பிடிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது, ஆனால் பாட்டு நடுவில் ரெக்கார்டரை நீட்டாதீர்கள். காபி எடுக்க எழுந்து வரும்போது பேசுங்கள். நேர்காணலுக்கு நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போகும்போது ஃபிரிட்ஜை அணைக்கச் சொல்லத் தயங்க வேண்டாம், அந்த ஊங்காரம் பதிவில் பூதாகரமாக விழும். கார் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால் ஃபிரிட்ஜை மறுபடி போடாமல் கிளம்ப மாட்டீர்கள். ஊர்க்காரர் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த தந்திரம் இது.

வர முடியாதவர்கள் இணையத்தில் கேட்கலாம், நிலையத்தின் ஒலிபரப்பு நேரடியாக வருகிறது. அமெரிக்கக் கோடையில் சனிக்கிழமை இந்திய நேரம் இரவு எட்டரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. பாட்டுக்கு நடுவே விளம்பரம் வந்தால் ஒலியைக் குறைத்துவிடாதீர்கள்.